ஈறில் கசியும் ரத்தம், குடலில் வளரும் கட்டி

தக்கலைப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு நேராக வந்து அமரும் தொழிலாளர்கள் பழக்கமானவர்கள். அவர்களுள் 52 வயதுக்காரர் ஒருவர், “பல்லு தேச்சா ரெத்தம் வரும் டாக்டரே, வலி இல்லாததால கண்டுக்கல” என்றார். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் பற்காரை, சிமென்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது. கருவி பட்டவுடனே ஈறு ரத்தம் விட்டது.

அத்தகைய ஈறுகளின் அடியிலுள்ள காற்றுப் புகாத பைகளில் செழித்து வளர்வனவற்றுள் ஒன்று ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் பாக்டீரியா. இந்த வாய்வாசி, பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. விழுங்கும் எச்சிலோடோ, ஈறின் புண்வழியே ரத்தத்தோடோ அங்கே சென்றடையும் இது, ஃபேட்ஏ என்ற புரதத்தால் குடல் செல்களைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பெருகத் தூண்டுகிறது. ஃபேப்2 என்ற மற்றொரு புரதத்தால், கட்டியை அழிக்க வரும் நோயெதிர்ப்பு செல்களை முடக்கிவிடுகிறது. இதன் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவு, ஆராயப்பட்ட கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் இருந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும், இது கட்டியைத் தொடங்கிவைக்கிறதா, முளைத்த கட்டியில் குடியேறி வளர்க்கிறதா என்ற விவாதம் முடியவில்லை. ஆகவே, பல் சுத்தமானால் புற்றுநோய் வராது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம்.

குடலிலேயே வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள் கோலிபாக்டின் என்னும் நச்சைச் சுரந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. நன்மை செய்யும் பாக்டீரியாக்களோ நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பெருங்குடல் உட்சுவரின் முதன்மை எரிபொருளான பியூட்டிரேட்டைத் தருகின்றன. பயறும், வாழைப்பூத் துவரனும், ஆறிய சோற்றின் பழங்கஞ்சியும் அவற்றுக்கு இரை. இரவுதோறும் புரோட்டாவும் பொரித்த கோழியும் மட்டும் என்றால் அவை பட்டினிதான்.

காரையை எடுத்து முடித்து வாய் கொப்பளிக்கும்போதுதான், ஒரு வருடமாக மூலம் என்றும், மலத்தோடு ரத்தம் போவதால் கடையில் மருந்து வாங்கித் தின்பதாகவும் அவர் சொன்னார். எந்த மருத்துவரும் பரிசோதித்ததில்லை. வற்புறுத்திக் குடல்நோக்கிச் சோதனைக்கு அனுப்பினேன். குடலின் உட்சுவரில் பாலிப்கள் எனப்படும் சிறு சதைமுளைகள் இரண்டு இருந்தன, அப்போதே அகற்றிவிட்டார்கள். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் பிடிபட்டது அவருடைய நல்ல காலம். அவருடைய ஈறுநோய்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

சென்ற மாதம் பல்வலியோடு தம் அண்ணனை அழைத்துவந்தார். அவருக்கும் பல வருடமாக ‘மூலம்’தானாம். வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பல்லைப் பார்க்கும் முன்பே குடல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்.