நான்ஸ்டிக் தவாவும் அடுப்பின் சூடும்

டர்பனில் புதிதாக நான்ஸ்டிக் தவா வாங்கியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "மாவு பரவவே மாட்டேங்குது." கரண்டியை வைத்து வட்டமாக இழுத்தால் மாவு கல்லில் தங்குவதில்லை, சுருண்டு கரண்டியோடு வந்துவிடுகிறது. தவா மட்டமானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது தன் வேலையை மிகச் சரியாகச் செய்கிறது. அதுதான் பிரச்சினை.

தோசை கல்லிடம் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறது. ஊற்றும்போது மாவின் அடி கொஞ்சம் பிடிக்க வேண்டும். வெந்த பிறகு விட்டுவிட வேண்டும். மாவிலுள்ள ஸ்டார்ச் சுமார் 65 முதல் 75 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகிவிடும். இரும்புக் கல்லில் அடிப்படலம் கெட்டியானதும் அங்கேயே பிடித்துக்கொள்கிறது, மேலே ஈரமாக இருக்கும் மாவைக் கரண்டி பரப்புகிறது. நான்ஸ்டிக்கில் அந்தப் படலத்துக்குப் பிடிமானமே கிடையாது. அதனால் மொத்த மாவும் கரண்டியின் பின்னால் போகிறது. இதற்கு வழி எளிது. தவா இளஞ்சூட்டில் இருக்கும்போதே மாவை ஊற்றிப் பரப்புங்கள், அப்புறம் தீயைக் கூட்டுங்கள். அடுத்த தோசைக்கு முன் தவாவை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் ஆறவிடுங்கள். இரும்புக் கல்லில் செய்வதுபோல் குளிர்ந்த தண்ணீரைத் தெளிக்க வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் மெல்லிய அலுமினியம் கோணிக்கொள்ளும், பூச்சும் அதோடு இழுபடும்.

சாப்பாடு ஏன் பாத்திரத்தில் ஒட்டுகிறது? முட்டை, மீன், உளுந்து எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. சூட்டில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த பகுதிகள் பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். உலோகப் பரப்பு கிடைத்தால் அதையும் விடாது. பார்வைக்கு வழவழப்பான உலோகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிறைய. திரவமாக உள்ளே இறங்கும் மாவு அங்கேயே கெட்டியாகி மாட்டிக்கொள்கிறது. பழக்கிய இரும்புக் கல் இந்த இரண்டையும் எண்ணெயால் சமாளிக்கிறது. திரும்பத் திரும்ப மெல்லியதாகத் தடவிச் சூடாக்கிய எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, கறுப்பான கெட்டிப் படலமாகிவிடும். பள்ளங்கள் நிரம்பும், உணவுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு திரை விழும். ஆனால் புளி அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். ஆகவே மீன் குழம்பை இரும்பில் கொதிக்கவிடாதீர்கள்.

நான்ஸ்டிக் பூச்சு வேறு வகை. பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்பது அதன் முழுப்பெயர். டெஃப்லான் என்ற வணிகப் பெயரில்தான் நமக்குப் பழக்கம். நீளமான கார்பன் சங்கிலி, ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஃப்ளூரின் அணுக்கள். கரிம வேதியியலில் உள்ள மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பும் ஒன்று. ஃப்ளூரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், அருகே வரும் எந்த மூலக்கூறையும் அந்தப் பரப்பு ஈர்ப்பதில்லை என்றே சொல்லலாம். வீட்டுச் சுவரில் ஏறும் பல்லியின் பாதம் மூலக்கூறுகளுக்கு இடையிலான அந்த மெல்லிய ஈர்ப்பை நம்பித்தான் ஒட்டுகிறது. உலர்ந்த டெஃப்லானில் அதுவும் வழுக்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலர் ராய் பிளங்கெட், குளிர்சாதனத்துக்கான வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளை மெழுகுபோல ஒரு தூள். அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் மார்க் கிரிகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1954ல் மனைவி தந்த யோசனையின்பேரில் அலுமினியப் பாத்திரத்தில் அதைப் பூசிப் பார்த்தார். 1956ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. எதிலும் ஒட்டாத பொருளை அலுமினியத்தில் எப்படி ஒட்டுவது? உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பிசின் கலந்த அடிப்பூச்சு ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் இந்தப் பூச்சை அடுக்கி, அது உருகும் 327 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். உருகியது பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. தவாவின் ஆயுள் முழுவதும் அந்தப் பிடியில்தான் இருக்கிறது.

பலரும் கீறலுக்குப் பயப்படுகிறார்கள், சூட்டைக் கவனிப்பதில்லை. என் கணக்கில் சூடுதான் பெரிய எதிரி. சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐ நெருங்கும்போது சிதைவு வேகமாகி நச்சுப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் ஃப்ளூ போலக் காய்ச்சலும் குளிரும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பறவைகள் நிலை வேறு. அவற்றின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், மிகத் திறமையாக உறிஞ்சப்படும்; அதனால் நஞ்சும் அதே திறமையோடு உள்ளே போகிறது. சமையலறை ஓரத்தில் கிளியோ பட்ஜியோ கூண்டில் இருந்தால், தயவுசெய்து வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்த ஒரே ஒரு தவா போதும், பறவை செத்துவிடும்.

உணவு இருக்கும்வரை இந்த ஆபத்து அநேகமாக இல்லை. அதிலுள்ள தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிக்கொண்டே சூட்டை வாங்கிக்கொள்கிறது. எண்ணெயும் ஒரு வெப்பமானிதான். இங்கே நாம் அதிகம் புழங்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் சுமார் 230 டிகிரியில் புகையும். புகை வந்தால் எல்லை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் தவாவில் இப்படிச் சொல்ல யாரும் இல்லை. முழுத் தீயில் வைத்த மெல்லிய தவா சில நிமிடங்களிலேயே 260ஐத் தாண்டிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு இதில் தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023ல் மின்சாரம் ஒரு நாளில் பல மணி நேரம் போய்ப் போய் வந்தது. பாதிச் சமையலில் கரண்ட் போகும், மின்னடுப்பின் பிளேட் சுவிட்சை அணைக்க மறந்து எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். எல்லாரும் தூங்கும்போது கரண்ட் திரும்பினால் பிளேட் காயத் தொடங்கும், மேலே தவா அப்படியே இருக்கும். தீ விபத்துக்கும் இதுவே வழி. கரண்ட் போனதும் முதல் வேலையாகச் சுவிட்சுகளை அணைத்து, தவாவை இறக்கி வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வேண்டும். கரண்ட் தொல்லையால் கேஸ் அடுப்புக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால், உணவே இல்லாத விளிம்பில்தான் பூச்சு முதலில் கருகும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கனமான, தடித்த அடி சூட்டைச் சமமாகப் பரப்பும். மெல்லியதில் நடுவே மட்டும் அதிகம் காயும். பிளேட் அடுப்புக்கு அடி தட்டையாக இருப்பது அவசியம். கடையின் சமதளத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். பெட்டியில் 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அது பூச்சுத் தயாரிப்பில் உதவிய ஒரு வேதிப்பொருள். உடலிலும் மண்ணிலும் நீண்டகாலம் தங்குவதால் 2019ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. அது இல்லை என்றால் நல்லதுதான். ஆனால் பூச்சு அதே டெஃப்லானாக இருக்கலாம், சூட்டு விதியும் அதேதான். 'செராமிக்' என்று விற்பது மணலின் அடிப்படைப் பொருளான சிலிக்காவால் ஆன பூச்சு. அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் வழுக்கும் குணத்தைச் சீக்கிரம் இழந்துவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். ரொட்டிக்கும் மொறுமொறு தோசைக்கும் இரும்பு. முட்டை, மீன் துண்டு, ஊத்தப்பம் இவற்றுக்கு நடுத்தர விலையில் ஒரு நான்ஸ்டிக். எவ்வளவு விலை கொடுத்தாலும் பூச்சு ஒரு நாள் தேய்ந்துதான் போகும், அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை.

கழுவுவதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆறிய பிறகு மென்மையான ஸ்பாஞ்ச், மரக்கரண்டி அல்லது சிலிக்கான் கரண்டி, கம்பி நார் கூடவே கூடாது. அடுக்கி வைத்தால் நடுவில் ஒரு துணி. டப்பாவிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் ஸ்பிரேயைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் லெசிதின் இருக்கும், அது காய்ந்து பழுப்புப் பிசினாகப் படியும். பூச்சு போய்விட்டது என்று பலர் தூக்கிப்போடும் தவாவில் இந்தப் பிசின்தான் இருக்கும். கொஞ்சம் தண்ணீரில் சமையல் சோடா போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள்.

அப்படியும் முட்டை ஒட்டினால், அல்லது பூச்சு உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தால், மாற்ற வேண்டிய நேரம். உரிந்த துணுக்கு ஒன்று தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டாம். அது எதனோடும் வினைபுரியாமல் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் அந்தத் தவாவில் புளிக்குழம்போ தக்காளிச் சட்னியோ வைக்காதீர்கள், புளிப்பு வெறும் அலுமினியத்தைக் கரைக்கும்.