தெர்மாமீட்டர் காட்டாத குளிர்

வீட்டில் இருக்கும் பழைய பாதரச தெர்மாமீட்டரை எடுத்துப் பாருங்கள். அதன் கோடுகள் 94 அல்லது 95 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். காய்ச்சல் பார்ப்பதற்கென்றே செய்த கருவி அது. உடம்பு 31 டிகிரிக்கு இறங்கிவிட்ட ஒருவரின் அக்குளில் அதை உதறாமல் வைத்தால், முன்பு காட்டிய அளவிலேயே பாதரசம் நிற்கும். உதறி வைத்தாலும் முதல் கோட்டுக்குக் கீழே கிடக்கும். 'காய்ச்சல் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் பலவும் 32-க்குக் கீழே 'லோ' என்று மட்டும் காட்டும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதை எடுத்து வைப்பவர்களும் உண்டு.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. 32 வரை லேசானது, 28 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமையானது. இந்த வெயில் ஊரில் இது யாருக்கு வரப்போகிறது என்று கேட்கலாம். இப்போதுதான் பிறந்த குழந்தைக்கு வரும், ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவருக்கு வரும், ரத்தம் சொட்டச் சொட்ட ஏசி ஆம்புலன்ஸில் வருபவருக்கு வரும். மலையேறப் போகிறவர்கள் இதற்கெல்லாம் பிறகுதான்.

பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குவோம். 37 டிகிரி கருவறையிலிருந்து உடம்பெல்லாம் ஈரமாக அது வெளியே வருகிறது. துடைக்காமல் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.1 டிகிரி வீதம் உள்வெப்பமும், 0.3 டிகிரி வீதம் தோலின் வெப்பமும் இறங்கும். பத்தே நிமிடம் போதும், ஒரு டிகிரி போய்விடும். பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சமாளிக்கிறது. அதற்கு ஆக்ஸிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால்தான் குளிர்ந்துபோன குழந்தைக்குச் சர்க்கரை இறங்குகிறது, மூச்சு திணறுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் சொற்பம்.

பச்சிளங்குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவு 36.5 முதல் 37.5 வரை. 36.4-க்கு வந்தாலே குளிர் உடம்பை வாட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் அது முதல் எச்சரிக்கை. வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்று இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. பால் குடிக்காமை, மெலிந்த அழுகை, துவண்டு கிடத்தல் எல்லாம் கூடவே வரும். 'சமர்த்தாகத் தூங்குகிறது' என்று வீட்டார் சொல்லும் குழந்தையை முதலில் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும். ஏசியும் மின்விசிறியும் வேண்டாம். டாக்டருக்கு வியர்க்கும், வியர்க்கட்டும். முன்கூட்டியே சூடாக்கிய துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை உடனே அகற்ற வேண்டும். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது: துடைத்த துணியிலேயே சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் துடைக்காமலேயே கழுத்துவரை சுத்தமான பாலித்தீன் பைக்குள் வைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, வார்மர் என்னும் சூடேற்றும் கருவியின் கீழே வைப்பார்கள். ஈரம் ஆவியாகாமல் பை தடுத்துவிடும், வார்மரின் வெப்பமோ அதன் வழியே உள்ளே போய்விடும்.

முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம். உடம்பில் படிந்திருக்கும் வெள்ளை மாவு அழுக்கில்லை, தேய்த்து எடுக்கத் தேவையில்லை. வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கவே கூடாது, தோல் வெந்துவிடும். எடை குறைந்த குழந்தைக்குக் கங்காரு முறையைப்போல் நம்பகமான வார்மர் வேறில்லை. டயபரும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, அம்மாவின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தோலோடு தோல் ஒட்டவைத்து, துணியால் கட்டிவிட வேண்டும். கழுத்து மடங்கி மூச்சு அடைக்காமல் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். அம்மாவுக்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ செய்யலாம். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் குளிர் வரும் வழி வேறு. மயக்க மருந்து கொடுத்ததும் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிந்து, நடு உடம்பின் சூடு கைகால்களுக்கு ஓடிவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே 1 முதல் 1.5 டிகிரி இறங்கலாம். அதன்மேல் அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் குளுக்கோஸோ சலைனோ ஏற்றினால் பெரியவருக்குச் சுமார் கால் டிகிரி குறையும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு யூனிட் ரத்தமும் அதே வேலையைச் செய்யும். இரண்டு டிகிரி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 1996-இல் வெளியான, குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 200 பேரின் ஆய்வில், குளிர்ந்தவர்களில் 19 சதவீதத்தினருக்குப் புண் சீழ்பிடித்தது. சூடாக வைக்கப்பட்டவர்களில் அது 6 சதவீதம்தான். ரத்தம் உறைவதும் கெடும். விபத்து நோயாளியிடம் குளிரும், ரத்தத்தில் ஏறும் அமிலமும், உறையாமையும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். ஆகவே மயக்கத்துக்கு முன்பே 10 முதல் 30 நிமிடம் வெதுவெதுப்பான காற்றுப் போர்வையால் சூடேற்றிவிடுங்கள். இறங்கிய பிறகு ஏற்றுவது மிகவும் மெதுவான வேலை.

மலையில் ஒருவர் குளிர்ந்துபோனால் ஈர உடையைக் கழற்றி, காற்று படாமல் மூடி, தரைக்கும் உடம்புக்கும் இடையே தடிமனாக எதையாவது விரிக்க வேண்டும். கைகாலைத் தேய்க்கக் கூடாது, நடக்கவைக்கக் கூடாது, மது கூடவே கூடாது. மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, சூடாக இருப்பதுபோல் உணரவைத்துக்கொண்டே உள்சூட்டை வெளியேற்றும். நினைவுள்ளவருக்கு மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் 32-க்குக் கீழே போய்விட்டார் என்றுதான் அர்த்தம். 28 அளவில் இதயம் சிறு உலுக்கலுக்கும் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் என்பதால் படுத்த நிலையிலேயே மெதுவாகத் தூக்க வேண்டும். நாடியை ஒரு முழு நிமிடம் தேட வேண்டும். இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, சூடேற்றும் வரை கைவிடக் கூடாது.

1999 மே மாதம் நார்வேயில் உறைந்த ஓடை ஒன்றில் விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய சுவீடன் நாட்டு இளம் மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம், 13.7 டிகிரி வரை குளிர்ந்தும் இதயநுரையீரல் இயந்திரத்தால் சூடேற்றப்பட்டுப் பிழைத்தார். இதயம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டதே அதற்குக் காரணம். ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்ஸிஜன் தேவை 6, 7 சதவீதம் குறைகிறது.

இதே கணக்கை வைத்துத்தான் 1952 செப்டம்பரில் மினசோட்டாவில் ஒரு சிறுமியைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்தைத் திறந்து ஓட்டையை மூடினார்கள். பெருந்தமனி அறுவையில் இன்றும் 18, 20 டிகிரி வரை இறக்குவது உண்டு. இதயம் நின்று மீண்ட பெரியவர்களை 33-இல் வைக்கும் வழக்கம் 2002-க்குப் பிறகு பரவியது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் கூடுதல் பயன் தெரியவில்லை. இப்போது காய்ச்சல் வராமல் பார்ப்பதற்கே முதலிடம்.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குளிர்விப்பு இன்றும் முக்கியமான சிகிச்சை. ஆனால் அதுவும் மருந்தைப்போல் அளந்து கொடுக்க வேண்டியது. 36 வாரம் நிறைந்திருக்க வேண்டும், 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆசனவாயில் வைத்த சென்சாரைப் பார்த்தபடியே 33.5-இல் 72 மணி நேரம் வைப்பார்கள். மூச்சுக்கருவியும் இரவு பகல் ஆய்வகமும் வேண்டும். உருகும்போது சூட்டை உறிஞ்சி, உறையும்போது வெளிவிட்டு ஒரே அளவில் வைத்திருக்கும் நிலைமாற்றுப் பொருளால் ஆன விலை குறைந்த படுக்கையை வேலூர் சிஎம்சி மருத்துவமனை சோதித்துப் பார்த்தது. இருந்தும் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் சென்னை உட்பட ஏழு மையங்களில் 408 குழந்தைகளிடம் நடந்த 2021 ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தன. பணக்கார நாடுகளின் முடிவை அப்படியே நகலெடுக்க முடியாது என்பதை அது காட்டியது. அழாமல் பிறந்த குழந்தைக்கு ஏசி போட்டு அனுப்புவதும் ஈரத்துணி போர்த்துவதும் சிகிச்சை ஆகாது. வழியில் சென்சார் இல்லாவிட்டால் 36.5-இல் வைத்தபடி கொண்டுவாருங்கள், 37.5-ஐத் தாண்டவிடாதீர்கள்.

குளிர்விக்கும்போது குழந்தையின் நாடி 100-க்குக் கீழே போவது வழக்கம்தான். மார்ஃபீன் போன்ற வலி மருந்துகள் உடம்பைவிட்டு மெதுவாகவே கழியும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். 72 மணி முடிந்ததும் மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் விழும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். 36.5-ஐத் தொட்டதும் சென்சாரைக் கழற்றிவிடாமல், சூடு அளவுக்கு மீறி ஏறுகிறதா என்று இன்னும் ஒரு நாளாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.