கிரீன் கார்டு மசோதாவை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு

2020 டிசம்பர் 2ஆம் தேதி என் அலுவலக ஃபோன் ஓயவே இல்லை. கிரீன் கார்டுக்கு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழும் அனுமதிக்கு, நாட்டு வாரியாக இருக்கும் உச்சவரம்பை நீக்கும் எஸ்.386 மசோதா அமெரிக்க செனட்டில் நிறைவேறிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவியிருந்தது. "மேடம், பாஸ் ஆயிடுச்சு. இனிமே எத்தனை மாசம்?" என்று கேட்டார் ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி இன்னொரு ஃபோனில் ஊரிலிருக்கும் அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவின் வாசகம் வேறு, செனட் நிறைவேற்றியது வேறு. இரண்டும் ஒன்றானால்தான் அதிபரின் கையெழுத்துக்குப் போகும். அந்த நாடாளுமன்றத்துக்கோ மிச்சம் ஒரு மாதம்தான் ஆயுள். 2021 ஜனவரி 3 அன்று மசோதாவும் அதோடு முடிந்துபோனது.

நியூ ஜெர்சியில் இமிக்ரேஷன் வக்கீலாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். "சட்டம் மாறுமா மேடம்?" என்று கேட்காதவர் இல்லை.

சிக்கலின் வேர் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலை வழியாக வருடத்துக்கு அடிப்படையாக 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான இபி-2 பிரிவில் அது ஒரு நாட்டுக்குச் சுமார் 2,803 ஆகிறது. மனைவி, பிள்ளைகளும் இதே எண்ணிக்கைக்குள்தான். நாலு பேர் குடும்பம் என்றால் வருடத்துக்கு 700 குடும்பம். மற்ற நாடுகள் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் இந்தியர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 2011 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 389க்கு 15 என்று இந்த வரம்பை நீக்கும் ஒரு மசோதா நிறைவேறியது. 2019 ஜூலையில் 365க்கு 65. 2013இல் பெரிய குடியேற்றச் சீர்திருத்தம் செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறியது, அதைப் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2022 டிசம்பரில் இதே வரம்பை நீக்கும் ஈகிள் சட்ட மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்று காத்திருந்தோம், வாக்கெடுப்பே நடக்காமல் போனது. இவ்வளவு ஆதரவு இருந்தும் ஏன் நிற்கிறது? தனி மசோதாவாக வரும்போது செனட்டில் ஒருமித்த சம்மதம் கேட்பார்கள், ஒரே ஒரு உறுப்பினர் கை தூக்கினாலும் தடைபட்டுவிடும். ஆட்சேபிப்பவர்களின் வாதத்தையும் அலட்சியமாக ஒதுக்க முடியாது. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், இன்று நம்மவர்கள் நிற்கும் வரிசையில் நாளை பிலிப்பைன்ஸ் நர்சுகள் நிற்பார்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதற்கோ இரு கட்சியிலும் போதிய ஆதரவு திரளவில்லை.

2025 ஜூலையில் அறிமுகமான டிக்னிட்டி சட்ட மசோதா 7 சதவீதத்தை 15 ஆக்கச் சொல்கிறது. ஆனால் ஆவணமின்றி வாழ்பவர்களுக்கான அந்தஸ்து, எல்லைப் பாதுகாப்பு எல்லாம் அதே மூட்டைக்குள் இருக்கின்றன. 2013இல் பெரிய மூட்டைக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். அதே 2025 செப்டம்பரில்தான் புதிய எச்-1பி (தற்காலிக வேலை விசா) மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் அறிவித்தார். இந்தச் சூழலில், சட்டம் சீக்கிரம் மாறும் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லமாட்டேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள், தேவைதான். வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு பற்றிய முடிவுகளை மட்டும் அந்த மசோதாவின் மேல் கட்டாதீர்கள்.

என் வேலையில் நான் பார்த்தவரை, இருக்கிற சட்டத்துக்குள்ளேயே பல குடும்பங்களுக்கு வழி இருக்கிறது. அவர்கள் ஃபைலை யாரும் முழுசாகப் படிப்பதில்லை.

ஒரு தஞ்சாவூர்க்காரர் பதினோரு வருடம் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். வந்த வேலை என்னவோ எச்-1பி நீட்டிப்புதான். மனைவியின் பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். பிறந்த இடம்: சிங்கப்பூர். அவர் அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், குழந்தைக்கு இரண்டு வயதானபோது ஊர் திரும்பிவிட்டார்கள். "நான் இந்தியன் சிட்டிசன்தானே மேடம், அதுல என்ன இருக்கு?" என்றார் அந்தம்மா. எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்த வரிசையில் பார்ப்பது குடியுரிமையை இல்லை, பிறந்த நாட்டை. கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால், இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையை மற்றவரும் பயன்படுத்தலாம். கணவரின் பிரயாரிட்டி டேட்டுக்கு, அதாவது வரிசையில் அவர் இடம்பிடித்த தேதிக்கு, இந்திய வரிசையில் இன்னும் பல வருடம் இருந்தது, சிங்கப்பூருக்கான வரிசையில் எப்போதோ தாண்டிவிட்டது. அடுத்த மாதமே கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 போட்டோம். குவைத், மலேசியா, இலங்கை என்று வெளியே பிறந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! இன்றே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளின் வயதுக் கணக்கு அடுத்த விஷயம். இதில்தான் அதிகக் கண்ணீரைப் பார்க்கிறேன். 21 வயதானால் எச்-4 (எச்-1பிகாரரின் மனைவி, பிள்ளைகளுக்கான விசா) போய்விடும். 2002ஆம் ஆண்டின் குழந்தை அந்தஸ்துப் பாதுகாப்புச் சட்டப்படி, விசா எண் கிடைக்கும் நாளில், அதாவது வரிசை உங்கள் தேதியை எட்டும் நாளில், பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 (கம்பெனி உங்களுக்காகப் போடும் கிரீன் கார்டு மனு) நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும். மகளுக்கு 21 வயது 5 மாதம், ஐ-140 எட்டு மாதம் நிலுவையில் இருந்தது என்றால் கணக்கில் அவளுக்கு 20 வயது 9 மாதம். தப்பித்தாள், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே ஐ-140ஐப் பணம் கட்டி பிரீமியத்தில் போட்டு மூன்று வாரத்தில் வாங்கியிருந்தால் கழிக்க அந்த மூன்று வாரம்தான் இருக்கும். நல்லது என்று நினைத்துச் செய்ததே மகளை வெளியே தள்ளிவிடும். வீட்டில் பிள்ளை இருந்தால், பிரீமியம் போடும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு விசா புல்லட்டினில் (மாதாமாதம் வரிசை நிலவரத்தைச் சொல்லும் அரசு அறிவிப்பு) கார்டே கொடுக்கக்கூடிய இறுதி நடவடிக்கைத் தேதிகளின் அட்டவணையை வைத்தே வயதைக் கணக்கிடுகிறார்கள், எனவே கணக்கு இன்னும் இறுகிவிட்டது.

அப்புறம், ஐ-140 அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கம்பெனி தர மறுத்தால், அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கேட்கலாம். அனுமதி கிடைத்துவிட்டால், கம்பெனி பின்னர் அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாக உங்கள் பிரயாரிட்டி டேட் போகாது; 180 நாள் தாண்டியிருந்தால் அந்த அனுமதியே ரத்தாகாது.

முதலில் சொன்ன அந்த ஃபோன்காரரின் தேதி 2014 அக்டோபர். எஸ்.386 போனதும் மனம் வெறுத்திருந்தார். கோவிட் காலத்தில் குடும்பப் பிரிவில் மிஞ்சிய எண்கள் வேலைப் பிரிவுக்கு வந்து வரிசை நகரப்போகிறது, தயாராக இருங்கள் என்று 2021இல் சொன்னேன். அவர் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'ஆண்' என்று மட்டும் இருந்தது. ஊரில் தம்பி நகராட்சிக்கு அலைந்து பெயரைப் பதிந்து வாங்கி அனுப்பினார். 2022 கோடையில் இபி-2 இந்தியா 2014 டிசம்பர் வரை வந்தது. காகிதம் எல்லாம் கையில் இருந்ததால் உடனே ஐ-485 போட்டோம். அந்த வருடம் முடிவதற்குள் வரிசை 2011க்கே பின்வாங்கிவிட்டது, காகிதம் சேர்க்க ஓடிக்கொண்டிருந்த பலர் வெளியே நின்றார்கள். அவருக்கும் கார்டு வரவில்லை. ஆனால் வேலை அனுமதி கிடைத்திருந்தது. 2023இல் அவர் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது, எச்-1பியில் வேலை போன மற்றவர்களைத் துரத்திய, 60 நாளில் வேறு வழி தேட வேண்டும் என்ற கெடு அவரைத் துரத்தவில்லை.