பத்து மணிக்கு எழும்பும் பிள்ளை

மட்டக்களப்பில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாமாரின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு மணி மட்டும் முழிப்பு டொக்டர். விடியத் தண்ணி ஊத்தினாலும் எழும்புறான் இல்ல." போனைப் பற்றி நான் பிறகுதான் கேட்பேன். லீவில் யாரும் எழுப்பாமல் விட்டால் எப்படி? "ரெண்டுக்குப் படுத்து பத்துக்கு எழும்புவான், நல்ல உசாராத்தான் இருப்பான்" என்றால், நித்திரையில் பழுதில்லை. எட்டு மணிநேரமும் முழுதாக வருகிறது, பிந்தி வருகிறது.

கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் உடலின் மணிக்கூடு இருக்கிறது. அதன் ஒரு சுற்று பெரும்பாலானோருக்கு 24 மணிநேரத்தைவிடக் கொஞ்சம் கூட. வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்துகிறது. 1996இல் நாட்டின் நேரத்தை முன்தள்ளி, 2006இல் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தோம். வெயில் அந்தப் பத்து வருடமும் தன் பாட்டில்தான் வந்தது, உடலின் மணிக்கூடு பார்ப்பதும் அந்த வெயிலைத்தான். பதின்ம வயதில் இந்த மணிக்கூடு எல்லோருக்கும் பிந்தும், இருபதைத் தாண்டினால் மெல்ல முன்னுக்கு வரும். சிலருக்கு வருவதில்லை. 1981இல் நியூயோர்க் மருத்துவர்கள் இதைத் தனியொரு நித்திரைக் கோளாறாக விவரித்தார்கள். 2017இல் சில குடும்பங்களில் இதற்குக் காரணமான மரபணு மாற்றமும் தெரியவந்தது. மூதேவி என்று ஏசி மரபணுவைத் திருத்த ஏலாது.

ஏழரைக்குப் பள்ளிக்கூடம், அதற்கு முன் படிப்பு என்று நாலரைக்கே எழுப்பி லைட்டுக்குக் கீழே இருத்துவது நம் வீடுகளில் வழக்கம். இதுவே எதிராகப் போகலாம். தானாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்பு உடல்சூடு ஆகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் மணிக்கூட்டை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன் பட்டால் இன்னும் பிந்தவைக்கும். பத்து மணிப் பிள்ளைக்கு நாலரை மணி நடுச்சாமம் மாதிரி.

அதனால் தவணை விடுமுறையில் தொடங்குங்கள். முதலில் அவன் எழும்பும் நேரத்திலேயே எழுப்பி, அரை மணிநேரம் முற்றத்திலோ கடற்கரையிலோ வெளிச்சத்தில் நிற்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அரை மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இரவில் லைட்டையும் போனையும் குறைக்க வேண்டும். சனி, ஞாயிறு விட்டுப்பிடித்தால் திங்கட்கிழமை எல்லாம் போச்சு. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள், அது மணிக்கூட்டைத் திருத்தாது. இரவில் உடலே சுரக்கும் ஹோர்மோனான மெலட்டோனின் உதவலாம், ஆனால் சிறிய அளவில், படுப்பதற்குப் பல மணிநேரம் முன்பு, வைத்தியர் சொன்னபடி மட்டும்.

இவ்வளவு செய்தும் சிலர் மாறமாட்டார்கள். வளர்ந்தவர்கள் என்றால் வேலை நேரத்தை மாற்றப் பாருங்கள் என்றே சொல்கிறேன். வாவியில் இரவில் வலை போடுபவரை யாரும் சோம்பேறி என்பதில்லையே. அரைத் தூக்கத்தில் விடியக்காலை மோட்டார் சைக்கிளில் கல்முனை வீதியில் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

லீவிலும் நித்திரை சரிவராமல், சாப்பாடு, விளையாட்டு, கூட்டாளிகள் எதுவுமே பிடிக்காமல் ஒரு பிள்ளை கிடந்தால், அது வேறு விசயம். மனச்சோர்வாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை லீவு முடியும்வரை வைத்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள்.