மலைமுகடு போட்ட எல்லை

நியூசிலாந்தின் டௌபோ மாவட்டம் ஒன்றுதான். ஆனால் அதன் நிலம் நான்கு வட்டாரக் கவுன்சில்களுக்குக் கீழே பிரிந்து கிடக்கிறது. யாரும் தவறாகக் கோடு போட்டுவிடவில்லை. 1989-இல் உள்ளாட்சிகளைத் திருத்தி அமைத்தபோது, வட்டார எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலங்களை ஒட்டியே வகுத்தார்கள். ஒரு முகட்டின் இந்தப் பக்கம் பெய்யும் மழை ஒரு வட்டாரத்துக்கு, அந்தப் பக்கம் பெய்வது இன்னொன்றுக்கு.

1991-இன் வள மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கொள்கை அறிக்கை உண்டு. நிலம், நீர், காற்று, உயிரினங்கள், மனிதர் கட்டிய கட்டுமானங்கள் எல்லாம் அதற்குள் வரும். அதில் விதிகள் இருக்காது. எது சிக்கல், எதை அடைய வேண்டும், எந்த வழியில் என்பதை மட்டும் அது சொல்லும். விதிகளை எழுதுவது கீழே உள்ள வட்டார, மாவட்டத் திட்டங்களின் வேலை. அவை கொள்கை அறிக்கையைச் செயல்படுத்தியே தீர வேண்டும். வரைவு வந்ததும் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், பிறகு சுற்றுச்சூழல் நீதிமன்றம் வரை போகலாம்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்டால், நான் காட்டுவது ஒரு மாடு சிறுநீர் கழித்த இடத்தை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் இறங்கும் நைட்ரஜன், ஹெக்டேர் கணக்கில் 1,000 கிலோ வரை போகும். புல்லால் அத்தனையையும் உறிஞ்ச முடியாது. யூரியா முதலில் அம்மோனியமாகிறது. அதற்கு நேர்மின்னூட்டம்; மண் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. இதற்கு எதிர்மின்னூட்டம் என்பதால் மண்ணில் பிடி கிடைப்பதில்லை. அடுத்த மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கி, மெல்ல நகர்ந்து ஏரிக்குப் போய்விடும்.

616 சதுர கிலோமீட்டர் பரந்த டௌபோ ஏரியின் தெளிவே அங்கே நைட்ரஜன் குறைவாக இருந்ததால் வந்தது. நைட்ரஜன் கூடினால் பாசி கூடும். ஆனால் எந்தப் பண்ணையின் நைட்ரேட் எது என்று ஏரியில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அந்த நான்கில் ஒன்றான வைகாட்டோ வட்டாரக் கவுன்சில், ஏரியின் வடிநிலம் முழுவதிலும் கசியும் நைட்ரஜனுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. 2001 முதல் 2005 வரை பண்ணை நடந்த விதத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு அளவு ஒதுக்கியது. அளவு மிஞ்சியவர் தேவைப்பட்டவருக்கு விற்கலாம். கூடவே, பொதுப்பணத்தில் 20 சதவீத நைட்ரஜன் ஒதுக்கீட்டை வாங்கி நிரந்தரமாக நிறுத்தும் திட்டமும் வந்தது. விவசாயியை மட்டும் சுமக்க விடாமல் எல்லாரும் பங்கு போட்டது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ஏரியில் இன்று ஊறும் நீரில் ஒரு பங்கு, பல பத்தாண்டுகளுக்கு முன் மேய்ச்சல் நிலத்தில் விழுந்த மழை. அந்த 20 சதவீதத்தை முடிவு செய்தபோது, மண்ணுக்கடியில் ஏற்கெனவே புறப்பட்டு இன்னும் வந்து சேராத நைட்ரேட்டையும் கணக்கில் சேர்த்தார்கள்.