பாய்லர் உக்காந்திருக்கல, தொங்குது: பழைய பிளாண்ட்டை எப்படிப் பிரிக்கறாங்க

மேட்டூருக்கு டேம் பாக்கப் போனாலும் சரி மீன் வறுவல் சாப்படப் போனாலும் சரி, தெர்மல் பிளாண்ட்டு, அதாவது அனல் மின் நிலையத்தோட சிம்னி கண்ணுல படாம வர முடியாதுங்க. 210 மெகாவாட் யூனிட் நாலு, 1987க்கும் 1990க்கும் நடுவுல ஓட ஆரம்பிச்சது, இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, அதனால அதை இடிக்கப் போறாங்கனு புரளி எதும் கிளப்பிராதீங்க. நான் சொல்ல வந்தது வேற. அந்த மாதிரி பிளாண்ட்ல தண்ணியை ஆவியாக்கற பெரிய பாய்லர், எங்கூட்டு அடுப்பு மேல அண்டா உக்காந்திருக்கற மாதிரி தரையில உக்காந்திருக்கும்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். இல்லைங்க, தொங்குது. உச்சியில பெரிய பெரிய கர்டர் போட்டு அதுல இருந்து ஏகப்பட்ட ராடு எறக்கி ஒட்டுக்கா மொத்த பாய்லரையும் தொங்க விட்டிருக்காங்க, பத்து பதினஞ்சு மாடி ஒசரத்துக்கு.

ஏன் அப்படின்னா, இரும்பு சூடானா நீளும். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு 0.012 மில்லிமீட்டர்தான் நீளும், ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா 50 மீட்டர் ஒசரம், 350 டிகிரி சூடுனு பெருக்கிப் பாருங்க, 21 சென்டிமீட்டர் வரும், கிட்டத்தட்ட அரை முழம். கீழ நட்டு வெச்சிருந்தா அந்த அரை முழம் மேல முட்டி குழாயெல்லாம் முறுக்கிக்கும், தொங்க விட்டா கம்முனு கீழ எறங்கிக்கும், தரைக்கும் பாய்லருக்கும் நடுவுல அதுக்குனே எடம் விட்டிருப்பாங்க.

ஓடற வரைக்கும் இது நல்ல ஐடியா. பிரிக்கறப்பதான் இதே வெவகாரம் வினையாகுது, ஏன்னா வெயிட்டு பூராவும் மேல இருக்கு, அதைத் தாங்கற காலு மட்டும்தான் கீழ இருக்கு. இங்கிலாந்துல டிட்காட்னு ஒரு நெலக்கரி பிளாண்ட்டு, 2013ல நிறுத்திட்டாங்க. 2016 பிப்ரவரி 23ஆம் தேதி, பாய்லர் கட்டடத்தை வெடி வெச்சு எறக்கறதுக்காக ரெடி பண்ணிட்டு இருக்கறப்பவே அதுல பாதி தானா சரிஞ்சு நாலு பேர் செத்துட்டாங்க. மீதி பாதி எப்ப விழும்னு தெரியாம நின்னுச்சு, பக்கத்துல யாரையும் விட முடியல, கடைசில ஜூலை மாசம் ரோபோவை அனுப்பி வெடிமருந்து வெச்சுத்தான் எறக்குனாங்க. கடைசி உடம்பு கெடைக்கறதுக்கு செப்டம்பர் ஆயிருச்சு. முழுசா நிக்கற கட்டடம் பத்தி எஞ்சினியருக்குத் தெரியும், விழுந்து கெடக்கறது யாரையும் ஒண்ணும் பண்ணாது, அரைகுறையா அறுத்து நிக்குது பாருங்க அது எந்த டிராயிங்லயும் கெடையாது. அம்பது வருசம் ஓடுன பிளாண்ட்ல முதல்ல போட்ட டிராயிங்கும் இப்ப இருக்கற இரும்பும் ஒத்துப் போறதே கஷ்டம், நடுவுல யாரோ ஒரு பிளாட்ஃபார்ம் வெல்டு பண்ணியிருப்பாங்க, யாரோ ஒரு பிரேசிங்கை, அதான் ஆடாம இருக்கப் போட்ட குறுக்கு இரும்பை, எடைஞ்சலா இருக்குனு எடுத்திருப்பாங்க, துரு வேற தின்னிருக்கும்.

என்ர மாமா ஒருத்தர் முப்பது வருசமா கேஸ் கட்டிங் வேலை, கேஸ் சுடர்ல இரும்பு அறுக்கறது, மூடுன மில்லு மூடுன பேக்டரினு சுத்துனவரு. ஒருக்கா கேட்டேன், "ஏனுங் மாமா, கீழ அறுத்து விட்டா மொத்தமா வந்துருமே, எதுக்கு மேல ஏறிக் கஷ்டப்படறீங்க?" "மாப்ள, ஏத்துனவன் எந்த வரிசையில ஏத்துனானோ அதைத் திருப்பிப் போட்டு எறக்கோணும். கீழ கை வெச்சா உன் தலை மேலதான் கணக்கு தீரும்"னாரு. இன்ஜினியரிங் புத்தகமும் இதையேதான் வேற பாஷையில சொல்லுது.

ஆனா மாமா கிட்ட நான் கத்துக்கிட்டது அறுக்கறதப் பத்தி இல்ல, அறுக்கறதுக்கு முன்னாடி நடக்கறதப் பத்தி. ஓட்டத்தை நிறுத்துனதும் பிளாண்ட்டு செத்துருச்சுனு நம்ம நெனச்சுக்கறோம், அது சாகறதில்ல. கரண்ட்டு, அழுத்தம், எண்ணெய், வெஷம், ஸ்பிரிங்குல அமுங்கிக் கெடக்கற சக்தி, எல்லாம் உள்ளயேதான் இருக்கு, ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாத்தான் சாகும். அதுக்குத்தான் மாசக்கணக்குல ஆகும்.

ஒரு எடத்துல எண்ணெய் டேங்கு ஒண்ணு. "பத்து வருசமா காலிதாங்க, தைரியமா அறுங்க"னு சொல்லியிருக்காங்க. மாமா மாட்டேன்னுட்டாரு. ஏன்னா ரொம்பி இருக்கற டேங்கை விட காலி டேங்குதான் மோசம். ரொம்பி இருந்தா உள்ள காத்து இல்ல, காத்து இல்லாம எதுவும் எரியாது. காலியான டேங்குல அடியில கொஞ்சம் கசடு, மேல பூரா காத்து, அந்தக் காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு தீப்பொறிக்கு வெடிச்சிரும். பாய்லர்ல எரிக்கற கெட்டியான ஃபர்னஸ் ஆயில் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாதுனு சொல்வாங்க, உண்மைதான், ஆனா வெளிய இருந்து தகட்டுல டார்ச்சு வெச்சா உள்பக்கம் ஒட்டியிருக்கற கசடு சூடாகி அப்பதான் ஆவியாகும், அறுக்கறவனே வெடி தயார் பண்ற மாதிரி. அதனால முதல்ல ஸ்டீம் அடிச்சு கசடு எடுத்து காத்தோட்டம் விட்டு மீட்டர் வெச்சு அளக்கணும், இல்லைனா அறுக்கற கோட்டுக்கு சித்த கீழ வரைக்கும் தண்ணி ரொப்பணும், இல்லைனா நைட்ரஜன் விட்டு காத்தைத் தொரத்தணும். அன்னைக்கு தண்ணி ரொப்பித்தான் அறுத்தாங்க.

எண்ணெயே இல்லாத டேங்கு கூட ஆளைச் சாய்க்கும். மூடியே கெடந்தா இரும்பு துருப்பிடிக்கும், துரு பிடிக்கறதுனா என்ன, இரும்பு ஆக்சிஜனைத் தின்னுதுனு அர்த்தம். வெளிக்காத்துல 20.9 சதவீதம் இருக்கற ஆக்சிஜன் உள்ள 19.5க்குக் கீழ போயிருந்தா எறங்கவே கூடாதுனு கணக்கு, ரொம்பக் கொறஞ்சிருந்தா எறங்குன ஆளு மயங்கப் போறோம்னு தெரியறதுக்குள்ள விழுந்துருவான், அவனைத் தூக்க எறங்கறவனும் அப்படியே. நம்ம பக்கம் பாழுங்கெணத்துல எறங்கறதுக்கு முன்னாடி கயித்துல விளக்கு கட்டி எறக்கிப் பாப்பாங்கல்ல, அந்த யோசனையை மட்டும் டேங்குக்கு கொண்டாந்துராதீங்க, உள்ள எண்ணெய் ஆவி இருந்தா விளக்கு அணையாது, வேற மாதிரி ஆயிரும். சாயப்பட்டறை கழிவுத் தொட்டியில இன்னொரு வில்லன், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகுன முட்டை வாடை வரும், ஆனா 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு, பக்கம் போனா மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாது, அட வாடை போயிருச்சேனு எறங்குவாங்க.

அப்பறம் வால்வு. "வால்வை மூடியாச்சு"னா யாரும் நம்ப மாட்டாங்க, பழைய வால்வு ஒழுகும். ரெண்டு குழாயைச் சேர்க்கற வளையமான ஃப்ளேஞ்சைக் கழட்டி நடுவுல ஒரு கெட்டித் தகடு வெச்சு போல்ட்டு போடுவாங்க, இல்லைனா குழாயில ஒரு துண்டையே எடுத்துருவாங்க, கண்ணுல பாத்தாவே ரெண்டு பக்கமும் தொடர்பு இல்லைனு தெரியணும். கரண்ட்டுக்கும் இதே, ஸ்விட்ச்சை அணைச்சு ஒவ்வொரு ஆளும் அவன் பூட்டை அவன் போட்டு சாவியை அவன் பாக்கெட்டுல வெச்சுக்கணும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல பிசிபினு ஒரு கெமிக்கல் இருக்கலாம், சுலபமா எரியாதுங்கறதுக்காக ஒரு காலத்துல சேர்த்தது. அரைகுறையா எரிஞ்சா டையாக்சின்ங்கற கொடிய வெஷம் வரும். இந்தியாவுல 2016ல ஆர்டர் போட்டு, 2025 டிசம்பர் 31க்குள்ள புழக்கத்துல இருந்தே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அதனால டெஸ்ட் பண்ணாம எண்ணெயை எறக்கி யாருக்கும் விக்கக் கூடாது. குழாய் மேல சுத்துன ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, மேல போட்ட சீட்டு இதெல்லாம் ஒடைக்காம, தண்ணி தெளிச்சு நனைச்சு முழுசா எறக்கணும். அந்தத் தூசி நுரையீரல்ல போய் உக்காந்து இருவது முப்பது வருசம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும், அறுத்தவன் ரிட்டயர்டு ஆனதுக்கு அப்பறம்.

இவ்வளவும் முடிஞ்சாத்தான் நம்ம போன்ல பாக்கற அந்த வீடியோ. சிம்னி சாய்க்கறது தென்னை மரம் சாய்க்கற மாதிரியேதான், விழ வேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி வெட்டி, பின்பக்கம் கொஞ்சம் விட்டு வெப்பாங்க, அது கீல் மாதிரி மடியும். ஆனா தென்னை முழுசா விழும், செங்கல் சிம்னி பாதி வழியிலயே ஒடிஞ்சுதான் விழும், கவனிச்சிருக்கீங்களா? அடி சுத்த ஆரம்பிச்சா நுனி அதை விட வேகமா வரணும். தானா கீழ விழற வேகத்தை விட எச்சா வரணும், அதை யாராச்சும் தள்ளணும், நடுத்தண்டுதான் தள்ளுது. அந்தத் தள்ளுல தண்டு வளையப் பாக்கும், அதுல வர்ற இழுவை அடியில இருந்து மூணுல ஒரு பங்கு ஒசரத்துல அதிகமா விழும். தென்னை நாரால ஆனது, வளைஞ்சு குடுக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்குனா தாங்கும், இழுத்தா தாங்காது, அதனால அந்தப் பக்கம் எங்கயாச்சும் ஒடிஞ்சிரும், மேல்பாதி பின்தங்கி வரும். சுத்தி வீடு இருந்தா சாய்க்க எடமே இல்ல, கோயமுத்தூர்ல பழைய மில்லு சிம்னிக்கு அந்தக் கதிதான், மேல ஆளு ஏறி கல்லைப் பேத்து சிம்னிக்கு உள்ளயே போட்டுப் போட்டு எறங்கி வரணும்.

சூடான தண்ணியை ஆற வெக்கற கூலிங் டவர் வேற ரகம். நாமக்கல் முட்டையை எடுத்துக்குங்க, 44 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓடு அரை மில்லிமீட்டர் கூட இல்ல. பெரிய கூலிங் டவர் அம்பது அறுவது மீட்டர் அகலம், சுவரு சில எடத்துல இருவது சென்டிமீட்டர்தான், அகலத்தோட ஒப்பிட்டா முட்டை ஓட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல மெலிசு. நிக்கறது வளைவோட தயவுல. அதனால கீழ இருக்கற சாய்வுக் காலுகள்ல ஒரு பக்கம் மட்டும் வெடி வெச்சா போதும், வளைவு கொலைஞ்சு துணி மாதிரி மடிஞ்சு வரும். சூரத்துல உத்ரான் பிளாண்ட்டு டவர் 85 மீட்டர், 2023 மார்ச்ல எறக்குனாங்க, 220 கிலோ வெடிமருந்துதான். நம்ம கெணறு வெட்டறவங்களுக்கு இது புதுசில்ல, கம்ப்ரசர் வண்டி வெச்சு ஓட்டை போட்டு தோட்டா வெச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணா வெடிக்க விடுவாங்க, இங்கயும் அதே மாதிரி மில்லிசெகண்டு இடைவெளி விட்டுத்தான் வெடிக்கும், மொத்தமா ஒரே நேரத்துல வெடிச்சா பக்கத்து வீட்டு சுவரு தாங்காது. வித்தியாசம் என்னன்னா கெணத்துல பாறையை ஒடைக்கறது மருந்து, இங்க மருந்து காலை மட்டும் எடுத்து விடுது, மீதியை அதோட வெயிட்டே பாத்துக்குது.

விழுந்த இரும்பு எங்க போகுது? ஒரு பங்கு நம்ம ஊருக்குத்தான் வரும், கோயமுத்தூர் ஃபவுண்ட்ரிக்கும் ரோலிங் மில்லுக்கும். ரெண்டு பக்கமும் அடைச்ச குழாய்த் துண்டு ஒண்ணு உள்ள தண்ணியோட ஃபர்னஸ்ல விழுந்தா தண்ணி ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், உருகுன இரும்பு கூரை வரைக்கும் தெறிக்கும். ஃபவுண்ட்ரிக்காரங்க எல்லாருக்கும் இது தெரியும், அதனால குழாயை ரெண்டு பக்கமும் தொறந்துதான் அனுப்பணும்.

தெரியாத ஒண்ணு இருக்கு. சிமெண்ட் ஆலையிலயும் நெலக்கரி கொட்டி வெக்கற பங்கர்லயும் உள்ள சரக்கு எவ்வளவு மட்டம்னு பாக்க, கதிர்வீச்சு விடற சீசியம் 137 வெச்ச கேஜ், அதாவது அளவுக் கருவி மாட்டியிருப்பாங்க. அதோட கதிர்வீச்சு பாதியா கொறையவே முப்பது வருசம் ஆகும், பிளாண்ட்டு வயசானாலும் அதுக்கு வயசாகாது. பாக்க கனமான ஈயக் குண்டு மாதிரி இருக்கும், ஸ்கிராப்காரர் கண்ணுக்கு நல்ல காசு. 1983 கடைசில மெக்சிகோ ஹுவாரெஸ்ல ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்த கோபால்ட் 60ங்கற இன்னொரு கதிர்வீச்சுப் பொருள் இப்படித்தான் ஸ்கிராப்போட சேர்ந்து உருகி கட்டடக் கம்பியாவும் மேசைக் காலாவும் மாறி ஊரூரா போயிருச்சு, அடுத்த ஜனவரில கம்பி ஏத்துன ஒரு லாரி அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் அணு ஆராய்ச்சிக்கூடம் பக்கம் போக, அங்க இருந்த அலாரம் அடிச்சப்பதான் வெளிய தெரிஞ்சுது. இங்க டெல்லி மாயாபுரியில 2010ல யுனிவர்சிட்டி லேப்ல இருந்து ஏலத்துல போன பழைய கருவியை ஸ்கிராப் கடையில ஒடைச்சு ஒருத்தர் செத்தாரு. அதனால பிரிக்கற வேலையில முதல் நாள் லிஸ்ட்டுலயே அந்த ஈயக் குண்டு இருக்கணும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதி, பேப்பரோட அது கேட்டைத் தாண்டி வெளிய போனதுக்கு அப்பறம்தான் மாமாவோட கேஸ் சிலிண்டரு உள்ள வரும்.