கனடாவுக்கு ஸ்பொன்சர்: கலியாணம் உண்மையா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

யாழ்ப்பாணத்துப் பக்கம் எழுத்து ஒரு நாள், தாலி வேறொரு நாள் என்பது புதிதில்லை. கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் போகும் மாப்பிள்ளை பதிவாளர் முன் கையெழுத்து வைப்பார், தாலியை அடுத்த வருடம் கோயிலில் கட்டலாம் என்று திரும்பி வருவார். ஊரில் யாருக்கும் இதில் குழப்பமில்லை. ஆனால் மனைவியைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் படிவத்தில் அவர் எழுத்து நடந்த தேதியைப் போட்டு, நேர்முகத்தில் பெண் தாலி கட்டிய தேதியைச் சொன்னால், குடிவரவு அதிகாரிக்கு அது இட்டுக்கட்டிய கதையாகத் தெரியும். நிஜமான கலியாணங்கள் மாட்டிக்கொள்வது இப்படியான இடங்களில்தான்.

அதிகாரி பார்ப்பது குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவை. அதில் இரண்டு கேள்விகள். இந்த உறவு இப்போது உண்மையானதா? கலியாணம் செய்த நேரத்தில் முக்கிய நோக்கம் கனடா வருவதாக இருந்ததா? 2010 செப்டம்பருக்குப் பிறகு இரண்டில் ஒன்றில் தவறினாலே விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கனடாவுக்கு வர ஆசைப்படுவது குற்றமில்லை; அதற்காகவே கலியாணம் செய்ததாக இருக்கக் கூடாது.

பேசிச் செய்த கலியாணம் என்பதை மறைக்கவே வேண்டாம். கனடா அதை ஏற்றுக்கொள்கிறது. "கோயிலில் பார்த்தேன், பிடித்துப் போனது" என்று காதல் கதை கட்டினால்தான் ஆபத்து. மாமி சாதகம் கொண்டுவந்தார் என்றால் அப்படியே எழுதுங்கள். ஐ.எம்.எம். 5532 படிவத்தில் யார் அறிமுகம் செய்தார்கள், எப்போது நேரில் சந்தித்தீர்கள், வீட்டாருக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். எழுத்தும் தாலியும் வேறு நாட்கள் என்றால் இரண்டு தேதிகளையும் போட்டு, ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். விமானச் சீட்டு, அனுப்பிய பணத்தின் ரசீது, கதைத்த அழைப்புகளின் பதிவு, இருபக்கத்து உறவினரும் நிற்கிற படங்கள் எல்லாம் சாட்சிதான். ஒரே சேலையில் எடுத்த நூறு படத்தைவிட, வெவ்வேறு மாதங்களில் எடுத்த பத்துப் படம் மேல்.

வீடியோ அழைப்பில் நடந்த கலியாணம் செல்லாது. 2015 ஜூன் முதல், இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்ததைத்தான் ஏற்கிறார்கள்.

ஸ்பொன்சர் செய்பவருக்கு 18 வயதாகியிருக்க வேண்டும், குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தர வதிவிட உரிமை) வேண்டும். பி.ஆர். உள்ளவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். இயலாமை தவிர வேறு காரணத்துக்காக அரசு உதவிப் பணம் எடுப்பவர் செய்ய முடியாது. கணவன் மனைவிக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று இல்லை. பலர் அம்மா அப்பாவை அழைக்கும் விதியோடு இதைக் குழப்பிக்கொண்டு வீணாக வருடங்களைக் கடத்துகிறார்கள்.

கையெழுத்து வைக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டியது 3 வருட உறுதிமொழி. வந்தவர் பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடங்களுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு. அவர் விமான நிலையத்திலிருந்தே வேறு வழி போனாலும், விவாகரத்தே ஆனாலும் அது நீங்காது. அவர் அரசு உதவிப் பணம் எடுத்தால் கடன் உங்கள் தலையில். சந்தேகம் வந்தால் பி.ஆர். கிடைக்கும் முன்பே ஸ்பொன்சரைத் திரும்பப் பெறுங்கள். பிறகு முடியாது. இன்னொன்று, துணையின் ஸ்பொன்சரில் வந்தவர் தான் பி.ஆர். ஆகி 5 வருடங்கள் போகும்வரை வேறொரு துணையை ஸ்பொன்சர் செய்ய இயலாது.

பொய் சொல்லிப் பிடிபட்டால் கனடா வர 5 வருடத் தடை. வழக்காகிக் குற்றம் நிரூபணமானால் 1,00,000 டொலர் வரை அபராதமோ 5 வருடம் வரை சிறையோ வரலாம். கதையை ஏஜென்சிக்காரர் எழுதியிருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. தயவுசெய்து படிவத்தை ஒவ்வொரு வரியாக, இருவரும் தொலைபேசியில் சேர்ந்து வாசித்த பிறகு அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் துணைக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தால், ஸ்பொன்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் இருந்தே விண்ணப்பித்தவருக்கு அந்த வழி இல்லை, கூட்டாட்சி நீதிமன்றம்தான்.

அப்புறம், "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மனைவியை மிரட்டும் கணவர்களைப் பற்றி. 2012இல் புதிய தம்பதிகள் பலருக்கு 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். பி.ஆர். கிடைத்த பிறகு, அடிக்கும் கணவரை விட்டுப் பிரிந்தார் என்பதற்காக ஒரு பெண்ணின் பி.ஆர். போகாது. பி.ஆர். இன்னும் வராத நிலையில் வன்முறைக்கு ஆளானவர், கட்டணமில்லாமல் தற்காலிக வதிவிட அனுமதி கேட்கலாம். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. இது தெரியாமல் பயந்துகொண்டு வாழும் பெண் யாரும் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவரிடம் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள்.